அரைப்பேர்

மேல் டிவிசன், மஸ்கெலியா
7 டிசம்பர் 2024

அன்பு வினோதா அக்காவுக்கு,

இங்கே என் அம்மா, பக்கத்துக் காம்பராவில் உங்கள் அம்மா, உங்கள் அம்மாவின் வெள்ளாடு எல்லோரும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. கொழும்பு வெயிலில் நீங்கள் கறுத்துப் போகாமல் இருக்கிறீர்களா? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். நம்ம லயத்தில் சிக்னல் கிடையாது என்று உங்களுக்குத் தெரியாதா? கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு மேலே அந்தப் பாறையில் ஏறினால்தான் போன் பேசலாம். டாக்டரோ மூன்று மாதத்துக்கு மேடு ஏறவே கூடாது என்கிறார். தோட்டத்தில் மேடு ஏறாமல் எங்கே போவது? கக்கூசுக்குப் போவதே மேடுதான்.

கொழும்பிலிருந்து புறப்படும்போது நீங்கள் தந்த கூடைப்பந்து சீசன் கணக்குப் பேப்பரைப் பார்த்தேன். உங்கள் பெயருக்கு நேரே மேட்சுக்குப் பதினெட்டுப் புள்ளி. என் பெயருக்கு நேரே இரண்டு. அடி ஆத்தி! வருஷம் முழுக்க ஓடி ஓடி மறித்ததற்கு இரண்டு. கொழுந்து நிறை பத்தாவிட்டால் நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கும் பாதி நாள் சம்பளம்தானே? நம்ம கணக்கப்பிள்ளை அந்தப் பேப்பரைப் பார்த்தால் எனக்கு அரைப்பேர்தான் போடுவார். அம்மாவிடம் சொன்னேன். “பந்து வெளையாட்டுலயும் அரைப்பேரா? நீ என் மகதான்டி” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிப்புக்குச் சொன்னாலும் எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. ஜனவரியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. பன்னிரண்டு பேரைப் பத்தாகக் குறைக்கப் போவதாகப் பேச்சு. டீமில் இடம் போனால் பிஸ்கட் கம்பெனியில் வேலையும் போய்விடும். பிறகு அம்மா என் பெயரைத் தோட்டத்தில் பதிந்து, கொழுந்துப் பையை மாட்டிவிடுவார். கோச் மிஸ் கேப்டனைத்தான் கேட்பார். கேப்டன் நீங்கள். மறிக்கிற வேலை பேப்பரில் ஏறாது என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

குளித்துவிட்டுத் தலையை நன்றாகத் துவட்டுங்கள். உங்களுக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும்.

உங்கள் அரைப்பேர்த் தங்கை,
சுலா
(பெயரும் பாதிதானே!)


கொழும்பு
18 டிசம்பர் 2024

என் செல்லத் தங்கச்சி சுலாவுக்கு,

சளி பிடிக்கவில்லை, கறுக்கவும் இல்லை. உன் அம்மாவிடம், சித்தியைக் கேட்டதாகச் சொல். முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கிறாயா?

உன் கடிதத்தை போடிங் அறைக் கட்டிலில் கிடந்து வாசித்துத் தனியாகச் சிரித்தேன். அரைப்பேராம்! உனக்கு வாய் மட்டும் குறையவே இல்லை.

பைனலை நான் மறப்பேனா? கடைசி நிமிஷம். நான் பிடிக்க வேண்டிய என் ஆள் என்னைத் தாண்டி ஓடிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. பின்னாலிருந்து உன் சத்தம், “நான் இருக்கேன்!” வழக்கம்போல. நீ அவள் குறுக்கே போய் நின்று நெஞ்சில் அடி வாங்கி, முழங்கால் முறுகி விழுந்தாய். பந்து நமக்கு வந்தது. அடுத்த கூடையை நான் போட்டேன். பத்திரிகையில் என் போட்டோ வந்தது, நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். அதையெல்லாம் மிஸ்ஸிடம் சொல்லாமல் விடுவேனா? ஹட்டனில் பள்ளிக்கூட டீமில் ஆடிய நாளிலிருந்து எனக்காக நீ கத்தியதை இப்போது உனக்காக நான் சொல்கிறேன். நான் இருக்கேன். போதுமா?

நேற்று மிஸ் அந்த மேட்ச் வீடியோவை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். நிறுத்தி நிறுத்தி ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைவலி. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

அம்மாவையும் கொஞ்சம் பார்த்துக்கொள். ஆட்டுக்குப் புல் அறுக்க நீ போக வேண்டாம்.

பாசத்துடன்,
வினோதா


மேல் டிவிசன்
5 ஜனவரி 2025

அன்பு அக்காவுக்கு,

புது வருஷத்தில் உங்கள் கை கால் எல்லாம் இரும்பு மாதிரி இருக்க மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். என் முழங்காலுக்கும் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

உங்கள் கடிதம் ஆபீசுக்கு வந்து, கணக்கப்பிள்ளை கையால் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அம்மாவுக்குக் கிடைத்து, கொழுந்துப் பைக்குள் ஒரு நாள் முழுக்க மலை சுற்றிவிட்டு என்னிடம் வந்தது. தேயிலை வாசம். “நான் இருக்கேன்” என்ற இடத்தை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். “வினோதா இருக்கும்போது ஒனக்கு என்னடி கவல?” என்றார். உங்கள் அம்மாவுக்கும் பெருமை. அன்று றொட்டி சுட்டுக் கொண்டுவந்து தந்தார்.

மிஸ் வீடியோவை எந்த இடத்தில் நிறுத்தினார் என்று எழுதவே இல்லையே? நான் விழுந்த இடத்திலா? என்ன சொன்னார்? நல்லதோ கெட்டதோ எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன்.

வலி குறைந்துவிட்டது. காம்பராவுக்குள்ளேயே கையை விரித்து, பக்கவாட்டில் கால் மாற்றி மாற்றிப் பழகுகிறேன். நான்கு அடியில் சுவர் வந்துவிடுகிறது. நம்ம சேவலை எதிராளியாக வைத்து மறித்துப் பார்த்தேன். ஒரு தரமும் என்னைத் தாண்டவில்லை. இதையும் மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.

பொங்கலுக்கு வர முடியாவிட்டாலும் அன்றைக்கு நல்ல சேலை கட்டுங்கள்.

உங்கள் சுலா


கொழும்பு
27 ஜனவரி 2025

அன்புள்ள சுலா,

நான் சுகம். நீயும் சித்தியும் சுகம் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு வர முடியவில்லை, பிராக்டிஸ்.

ஒப்பந்தம் பற்றிக் கேட்டிருந்தாய். கூட்டம் இன்னும் நடக்கவில்லை. நடக்கும்போது பார்க்கலாம். நீ அவசரப்படாதே, முழங்கால்தான் முக்கியம். கொஞ்ச நாள் தோட்டத்தில் சித்தியோடு இருந்தால்தான் என்ன? அதுவும் நல்லதுதானே.

சித்திக்கு ஒரு சால்வை அனுப்புகிறேன். பனிக்கு ஆகும்.

வினோதா


மேல் டிவிசன்
12 பெப்ரவரி 2025

அன்பு அக்காவுக்கு,

சால்வை வந்தது. அம்மா போர்த்திக்கொண்டு பெரட்டுக்கே போய்க் காட்டிவிட்டு வந்தார். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போன கடிதம் சுருக்கமாக இருந்ததால் கேட்கிறேன்.

ஒப்பந்தம் முடிந்து பன்னிரண்டு நாளாகிறது. டாக்டர் மேடு ஏறலாம் என்று சொன்ன அன்றைக்கே பாறைக்கு ஏறினேன். உங்களுக்கு மூன்று தரம் எடுத்தேன். மணி போனது. மறுநாளும் போனது. பிராக்டிஸில் இருந்திருப்பீர்கள். அட்டை கடித்ததுதான் மிச்சம்.

இன்னொன்று. உங்கள் அம்மா பத்து நாளாக எங்கள் பக்கம் வரவில்லை. குழாயடியில் கண்டால் வாளி நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு போகிறார். “பெரியம்மா, எங்க மேல எதும் கோவமா?” என்று கேட்டேன். “ஒங்க மேல எனக்கென்ன கோவம்?” என்றார். அந்த ‘ஒங்க மேல’ எனக்கு விளங்கவில்லை. நீங்களும் பெரியம்மாவும் ஏதாவது சண்டையா?

கூட்டம் நடந்ததா இல்லையா என்று ஒரு வரி போடுங்கள். ஒரே ஒரு வரி.

சுலா


மேல் டிவிசன்
3 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுத இன்றைக்குத் தெரியவில்லை.

கம்பெனிக் கடிதம் வந்துவிட்டது. இரண்டு கிழமை ஆபீசில் கிடந்து நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. ‘ஒப்பந்தம் புதுப்பிக்கப்படமாட்டாது. தங்கள் சேவைக்கு நன்றி.’ அவ்வளவுதான். முழங்கால் என்று எழுதியிருந்தாலாவது ஆறியிருக்கும். ஒரு காரணமும் இல்லை.

அழுதேன் அக்கா. வெட்கமில்லாமல் அழுதேன். ஆறு வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கங்காணி வீட்டுக்குப் போனார். பதினைந்தாம் தேதியிலிருந்து என் பெயர் பெரட்டில்.

உங்கள் மேல் எனக்குக் குறை இல்லை. நீங்கள் சொல்லாமல் இருந்திருக்க மாட்டீர்கள். மிஸ் கேட்கவில்லை என்பதை எழுதத் தெம்பில்லாமல்தான் போனையும் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

போடிங்கில் என் பையும் மேட்சுக்குப் போடுகிற சப்பாத்தும் இருக்கின்றன. பெயர் பதிகிறதுக்கு முன்னால் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

சுலா


கொழும்பு
9 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி,

உன் கடிதம் வாசித்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

நான் எவ்வளவோ பேசினேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். மிஸ் அசையவில்லை. அவர்களுக்கு நம்ம தோட்டத்துப் பிள்ளைகளின் அருமை எங்கே தெரியப்போகிறது? சிங்களத்தில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிவிட்டார். தலையெழுத்து என்று விடு.

நீ வர வேண்டாம். ஹட்டன் ரோட்டில் பஸ் குலுக்கல் முழங்காலுக்கு ஆகாது. பையை நானே கட்டி அனுப்பிவிடுகிறேன். மிஸ்ஸையும் போய்ப் பார்க்காதே. மானம் போன இடத்தில் முகத்தைக் காட்டுவானேன்?

உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

வினோதா


மேல் டிவிசன்
30 மார்ச் 2025

வினோதா அக்காவுக்கு,

நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். கேட்கத் தேவையில்லை.

வர வேண்டாம் என்ற உங்கள் கடிதம் தோட்டத்துக்கு வந்தபோது நான் கொழும்பில் இருந்தேன். நீங்கள் டீமோடு கண்டிக்குப் போயிருந்தீர்கள். காய்ச்சலில் நின்றுவிட்ட மிஸ் மட்டும் கிரவுண்ட் ஆபீசில் இருந்தார். கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று போனேன்.

மிஸ் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். “நங்கி, என் தங்கச்சி, எனக்கு உன்னை விட மனமில்லை. வீடியோவைப் போட்டு எல்லோருக்கும் சொன்னேன், வினோதாவுடைய புள்ளியில் பாதி உன்னுடையது என்று. ஆனால் மேலே உள்ளவர்கள் பேப்பரைத்தான் பார்க்கிறார்கள். கேப்டன் ஒரு வார்த்தை உனக்காகச் சொல்லியிருந்தால் போதும், நான் சமாளித்திருப்பேன். உன் ஊர்க்காரியே அப்படிச் சொன்ன பிறகு நான் என்ன செய்ய?” என்றார். எல்லாம் சிங்களத்தில்.

“அக்கா என்ன சொன்னாங்க மிஸ்?” என்று கேட்டேன்.

சிங்களத்திலேயே பேசிக்கொண்டு வந்தவர் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் தமிழில் சொன்னார்.

“அர பேர்.”

தோட்டத்தில் முழு வேலை செய்யாதவளுக்கு அப்படித்தான் சொல்வார்களாமே, நீயே உன்னைப் பற்றி அப்படித்தான் எழுதினாயாமே, கூட்டத்தில் வினோதா விளக்கிச் சொன்னாள், மேசையில் எல்லோரும் சிரித்தார்கள் என்றார். பாவம், அவருக்கு அது வசவு என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை.

கொழும்பில் பிறந்த சிங்களப் பெண்ணுக்கு அந்த வார்த்தை எங்கேயிருந்து வரும்? அதை நான் எழுதியது ஒரே ஓர் ஆளுக்கு. அக்கா என்று நம்பி, சிரிக்கட்டும் என்று எழுதினேன். தவளை தன் வாயால் கெடும். சரி, கெட்டேன். ஆனால் தவளையைப் பிடித்துக் கொடுத்தது பாம்பு இல்லை, கூடப் பிறந்த மாதிரி வளர்ந்த நீங்கள்.

கூட்டம் எப்போது நடந்தது என்றும் கேட்டேன். ஜனவரி பத்தாம் தேதியாம். ‘கூட்டம் இன்னும் நடக்கவில்லை’ என்று நீங்கள் எழுதிய கடிதம் என் முன்னால் இருக்கிறது. தேதி இருபத்தேழு. கெஞ்சினீர்களாம். அருமை தெரியாத சிங்களத்தி என்று அந்த மனுசி தலையில் பழியைப் போட்டீர்கள். எனக்காக எழுந்து நின்றது அவர்தான், அக்கா. சிரிக்க வைத்தது நீங்கள்.

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டீர்கள். உங்கள் ஆள் தாண்டி ஓடின ஒவ்வொரு தரமும் ‘நான் இருக்கேன்’ என்று நான் கத்தினேனே, ஒரு தரமாவது பொய்யாகக் கத்தினேனா? நீங்கள் ஒரே ஒரு தரம் எழுதினீர்கள். அதுவும் பொய்.

அம்மா சால்வையை மடித்து உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். பெரியம்மா வாங்கிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். நீங்கள் தைப்பூசத்துக்கு முன்னால் ஊராள் கையில் கொடுத்துவிட்ட காகிதத்தில் அவருக்கு எல்லாம் எழுதியிருந்தீர்களாம். குழாயடியில் ஏன் முகம் கொடுக்கவில்லை என்று இப்போது விளங்குகிறது.

ஏன் செய்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

சுலக்ஷனா


கொழும்பு
22 ஜூன் 2025

சுலாவுக்கு,

மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை. ஆறு தரம் எழுதிக் கிழித்தேன். நீயும் சித்தியும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன்.

உன் முழங்காலை நினைத்துச் சொன்னேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். பொறாமை. அன்றைக்கு மிஸ் வீடியோவை நிறுத்தி, ‘வினோதாவுடைய புள்ளியில் பாதி சுலாவுடையது’ என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். தலைவலி என்று எழுதினேனே, தலைவலி இல்லை. என் பெயரைப் பாதியாக வெட்டியது மாதிரி இருந்தது. கூட்டத்தில் கேட்டபோது உன் வார்த்தை நாக்கில் ஏறிவிட்டது. எல்லோரும் சிரித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, சுலா. அதுதான் இன்னும் என்னைத் தின்கிறது.

சீசன் தொடங்கி ஐந்து மேட்ச், ஐந்தும் தோல்வி. என் ஆள் என்னைத் தாண்டி ஓடுகிறாள். பின்னால் யாரும் இல்லை. அவளைத் துரத்தியே மூச்சு முட்டி, கூடைக்குக் கீழே நின்று போடுவதும் வெளியே போகிறது. போன மேட்சில் நான்கு புள்ளி. நான் கூட்டத்தில் சொன்னது முழுப் பொய் என்று மிஸ்ஸிடமும் மேலே உள்ளவர்களிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். கேப்டன் பட்டியைக் கழற்றிவிட்டார்கள். மிஸ் உனக்குப் புது ஒப்பந்தம் அனுப்புகிறார். கையெழுத்துப் போடு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ ஏசுவாய். ஏசு. வந்து ஏசு.

பழையபடி என் பின்னால் வந்து நில்லம்மா. உன் சத்தம் கேட்காமல் என்னால் ஆட முடியவில்லை.

வினோதா


மேல் டிவிசன்
6 ஜூலை 2025

வினோதா அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பெரியம்மாவுக்கு இருமல் இருந்தது, தோட்டத்து டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன், இப்போது பரவாயில்லை. ஆடு பகை குட்டி உறவா என்பார்கள். எனக்குக் குட்டிதான் பகை, ஆடு உறவு. அதனால் உங்கள் அம்மாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மார்ச்சில் கொழுந்து எடுக்கப் போன முதல் நாள் கணக்கப்பிள்ளை எனக்கு அரைப்பேர் போட்டார். நிறை பத்தவில்லை. மலையில் எல்லோருக்கும் முன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை வந்தது. மே மாதத்திலிருந்து ஒரு நாளும் தவறாமல் முழுப்பேர். அம்மாவுக்குப் பெருமை. எனக்குக் கையெல்லாம் வெடிப்பு.

மிஸ்ஸின் ஒப்பந்தம் வந்தது. பாறைக்கு ஏறி அவரிடம் பேசினேன். ஒரு வருஷம் என்று இருந்ததை இரண்டு வருஷமாக்கினால் வருகிறேன் என்றேன். ஆக்கினார். நேற்றுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். கோபத்துக்காக வேலையை விட நான் பைத்தியம் இல்லை. மறிக்கிறது என் வேலை. அதை நீங்கள் கொடுக்கவும் இல்லை, எடுக்கவும் உங்களால் முடியாது.

நீங்கள் உண்மையை எழுதியதற்கு நன்றி. வாசித்தேன். மன்னிக்கச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கொடுக்க மன்னிப்பு இப்போது என்னிடம் இல்லை.

மிஸ் என்னைப் பழையபடி உங்கள் பின்னால்தான் போட நினைத்திருந்தார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எதிர்ப் பக்கத்து மூலையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். என் ஆள் என்னைத் தாண்டிப் போக மாட்டாள், அதற்கு நான் பொறுப்பு. உங்கள் ஆள் உங்களைத் தாண்டி ஓடும்போது பழைய பழக்கத்தில் பின்னால் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். அங்கே இனிச் சத்தம் வராது.

உங்க ஆள நீங்க பிடிங்க.

சுலக்ஷனா